பச்சையாகச் சாப்பிட்டால் எடை தானாக இறங்குமா? தேங்காய்ப்பூ, கச்சான், முளைப்பயறு பற்றி

21.01.2024 | முள்ளியவளை

சமைக்காததை எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு வைக்காது என்று சொல்லுகினம். அது சரியென்று எனக்குப் படேல்லை. தொடக்கத்தில் மளமளவென்று இறங்கின எடை இப்ப அசையாமல் நிக்குது. விடிய பப்பாசி 500 கிராம், 4 கதலி வாழைப்பழம். மத்தியானம் வெள்ளரி, கரட், தக்காளி, வல்லாரை எல்லாம் சேர்த்து 300 கிராம், மேலே பாதித் தேங்காயைத் துருவின பூ. பின்னேரம் பச்சைக் கச்சான் (வறுக்காத நிலக்கடலை) மூன்று கைப்பிடி. இரவுக்கு 60 கிராம் பயறு முளைகட்டினது. சோறு, மா, சீனி ஒன்றும் இல்லை. உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 64 கிலோ. எங்கே பிழை?

21.01.2024 | பரந்தன்

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும், தங்கச்சி. பப்பாசி 100 கிராமுக்கு 43 கலோரி, ஆக 215. நாலு கதலி தோல் உரித்து 270 கிராம் வரும், அது 240. மரக்கறியும் கீரையும் 80. பாதித் தேங்காயைத் துருவினால் 150 கிராம் என்று வைப்போம், 100 கிராமுக்கு 354 வீதம் 531. மூன்று கைப்பிடிக் கச்சான் பருப்பு 100 கிராமுக்குக் குறையாது, அது 567. முளைப்பயறு 150 கிராம், 45. மொத்தம் 1678.

தேங்காயும் கச்சானும் மட்டும் 1098. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. கோப்பை நிறைய இருக்கிற வெள்ளரியும் பப்பாசியும் இந்தக் கணக்கில் பெரிதாக இடம் பிடிக்கவே இல்லை. சோறு விட்டதால் முதலில் இறங்கினது. பிறகு பசி வந்தபோது அந்த இடத்துக்குத் தேங்காய்ப்பூவும் கச்சானும் வந்துவிட்டன. பச்சை உணவு சாப்பிடுகிறவர்களுக்கு எடை நிற்பது அனேகமாக இந்த இரண்டு சாமானாலும்தான்.

22.01.2024 | ஒட்டுசுட்டான்

பரந்தன் அண்ணை போட்ட கணக்கில் ஒரு திருத்தம். முளைப்பயறு 100 கிராமுக்கு 30 கலோரி என்பது விரல் நீளத்துக்கு வெள்ளைத் தண்டு விட்ட முளைக்கு. அது பெரும்பாலும் தண்ணீர். எங்கட வீடுகளில் ஒரு நாள் கட்டிவைத்து, வால் அரை அங்குலம் வந்ததும் எடுக்கிறோம். அதில் பயறின் சத்து ஏறத்தாழ அப்படியே இருக்கும். காய்ந்த பயறு 100 கிராமுக்கு 347 கலோரி, ஆகவே 60 கிராம் பயறு முளைத்தாலும் 200க்குக் கிட்டத்தான் நிற்கும். முளைத்ததை நிறுத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஊறப்போட முன்னம் காய்ந்த பயறை நிறுத்து எழுதுங்கோ, பிழைக்காது.

22.01.2024 | பரந்தன்

சரி. அப்படியென்றால் மொத்தம் 1830 அளவில் வருகுது. 155 சென்ரிமீற்றர் உயரத்தில், கூடுதலான நேரம் கதிரையில் இருந்து வேலை செய்கிற பெண் ஒருவருக்கு எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்க அது போதும். தராசு அசையாததுக்கு வேறு மர்மம் தேடத் தேவையில்லை.

ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரி. கிழமைக்கு அரைக் கிலோ இறக்க நாளுக்கு 550 குறைய வேண்டும். தேங்காய்ப்பூவை 80 கிராமாக்குங்கோ, தேத்தண்ணிக் கோப்பையில் அமுக்காமல் ஒரு கோப்பை அவ்வளவுதான் வரும், 283 கலோரி. கச்சானை 30 கிராமாக்குங்கோ, 170. அதிலேயே 640க்கு மேல் குறைந்துவிடும்.

25.01.2024 | முள்ளியவளை

தேங்காய்ப்பூவை விட்டு, பச்சைப்பால் பிழிந்து பப்பாசியோட அடித்துக் குடித்தால் குறையுமா? பூ இல்லாமல் வெறும் மரக்கறி இறங்குதில்லை.

25.01.2024 | பரந்தன்

குறையாது, ஏறும். தண்ணீர் விட்டுப் பிழிந்த பாலிலேயே 100 மில்லிலீற்றரில் 230 கலோரி கிடக்கு. பூவைச் சப்பித் தின்னும்போது நார் வயிற்றை நிரப்பும், தாடையும் களைக்கும், தானாக நிறுத்துவீர்கள். பிழிந்தால் நார் சக்கையோட போகும், கொழுப்பு மட்டும் கோப்பைக்கு வரும். அடித்துக் குடிக்கிற எதுவும் இப்படித்தான். நாலு கதலியை உரித்துத் தின்னப் பத்து நிமிடம் எடுக்கும், அடித்தால் ஒரு நிமிடம்.

மரக்கறி இறங்காததுக்கு வேறு வழி இருக்கு. வெள்ளரியையும் கரட்டையும் துருவி, உப்புக் கொஞ்சம் போட்டுப் பிசைந்து பத்து நிமிடம் வையுங்கோ. தண்ணீர் விட்டு இளகும். அதுக்குள் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி, கடைசியில் அளந்த தேங்காய்ப்பூ. பூவை முதலே கலந்தால் புளியைக் குடித்துவிடும், பிறகு இன்னும் பூ போடச் சொல்லும். கடைசியில் மேலாகத் தூவினால் 40 கிராமே 80 கிராமின் ருசி தரும்.

03.02.2024 | ஒட்டுசுட்டான்

காலபோகக் கச்சான் பிடுங்குகிற நேரம் இது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும், கவனமாக வாங்குங்கோ. பிடுங்கினபின் மழை பட்டு, வடிவாகக் காயாமல் சாக்கில் கட்டின கச்சானில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை விடும், அது ஈரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணம். வறுத்தாலும் முழுதாக அழியாது, பச்சையாகத் தின்கிறவருக்கு அந்த அரைகுறைக் காப்பும் இல்லை.

கோதோடு வாங்குங்கோ. கையில் எடுத்துக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும், ஆடாவிட்டால் ஈரம். உடைத்துப் பார்க்கும்போது தோல் சுருங்கினது, பச்சையாகவோ கறுப்பாகவோ பொட்டு விழுந்தது, இரண்டாகப் பிளந்தால் நடுவில் தூள்மாதிரி இருக்கிறது எல்லாம் எறியுங்கோ. வாயில் கசந்தால் துப்புங்கோ. கோதோடு 45 கிராம் எடுத்தால் பருப்பு 30 கிராம் அளவில் வரும். கோதோடு நிறுத்து வைத்து, ஒவ்வொன்றாக உடைத்துத் தின்பது எடை குறைக்கிறவருக்கு நல்லது, கை வேகம் குறையும். ஊறவைத்தால் எட்டு மணித்தியாலம் போதும், அன்றைக்கே முடிக்க வேணும்.

முறிகண்டியில் வாங்கி பஸ்ஸில் கொறிக்கிற கச்சான் வறுத்தது, பச்சை உணவுக் கணக்கில் சேராது. ஆனால் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை.

11.02.2024 | நெடுங்கேணி

தேங்காயையும் கச்சானையும் வெட்டச் சொல்லிப் போட்டு இந்த உரையாடல் நின்றுவிட்டது. புரதத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

உடம்பில் கிலோ ஒன்றுக்கு 0.8 கிராம் புரதம் வேணும். தங்கச்சி இறங்க வேண்டிய 55 கிலோவுக்கு 44 கிராம். கச்சானை 100 கிராமில் இருந்து 30க்கு இறக்கினால் 26 கிராம் புரதம் 8 ஆகப் போய்விடும். பப்பாசி, வாழைப்பழம், மரக்கறி, 80 கிராம் தேங்காய்ப்பூ எல்லாம் சேர்ந்தே 12 தான் தரும். 60 கிராம் பயறில் 14. மொத்தம் 34. இப்படியே கொண்டுபோனால் தராசு இறங்கும், ஆனால் இறங்குவதில் தசையும் இருக்கும். தலைமயிர் கொட்டும், மாடிப்படி ஏற முழங்கால் சோரும்.

ஆகவே பயறை 60 கிராமில் இருந்து 100 கிராமாக்க வேணும், அதில் 24 கிராம் புரதம் இருக்கு. அப்ப மொத்தம் 44க்குக் கிட்ட வரும். கலோரி: பப்பாசி 215, கதலி 240, மரக்கறி 80, தேங்காய்ப்பூ 283, கச்சான் 170, பயறு 347, ஆக 1335. முந்தின 1830இல் இருந்து 500 குறைவு. கிழமைக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். இதுக்குக் கீழே, 1200க்குக் குறைவாக ஒருவரும் சொந்தப் புத்தியில் இறங்க வேண்டாம்.

தங்கச்சிக்கு எதுவரை இறக்கலாம் என்றால், 155 சென்ரிமீற்றருக்கு 55 கிலோவில் பி.எம்.ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடுகிற குறியீடு) 23. எங்கட ஆசிய உடம்புகளுக்கு அதுக்குமேல் போனால் சீனி வருத்தம், இருதய வருத்தம் வரும் வாய்ப்புக் கூடத் தொடங்குகிறது. கீழ்வரம்பு 18.5, அது 44.4 கிலோ. 55ஐத் தொட்டதும் நிறுத்துங்கோ. இடுப்புச் சுற்றளவையும் பாருங்கோ, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90.

11.02.2024 | நெடுங்கேணி

இதையும் சேர்த்து எழுத வேணும். ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கன காலம் பச்சை உணவில் இருந்த ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களை விசாரித்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்கள் சராசரி 9.9 கிலோ, பெண்கள் 12 கிலோ இழந்திருந்தார்கள். ஆனால் பெண்களில் நூற்றுக்கு 25 பேரின் பி.எம்.ஐ 18.5க்குக் கீழே போயிருந்தது. 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 வீதத்தினருக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போயிருந்தது, அல்லது அடியோடு நின்றிருந்தது. பச்சையாய்ச் சாப்பிடுகிற பங்கு கூடக்கூட அது கூடினது.

மாதவிடாய் தள்ளிப்போனால் அதை "உடம்பு சுத்தமாகுது" என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். உடம்புக்குச் சக்தி போதவில்லை, எலும்பு தேயத் தொடங்கப் போகிறது என்பதுதான் அதன் அர்த்தம். அன்றைக்கே ஒரு நேரம் சோறும் பருப்பும் அவித்துச் சாப்பிடுங்கோ, கிளினிக்குக்குப் போங்கோ.

12.02.2024 | பரந்தன்

எடை ஏன் அப்படி விழுகிறது என்பதுக்கும் கணக்கு இருக்கு. கரட்டில் 100 கிராமுக்கு 41 கலோரி. 2000 கலோரியைக் கரட்டில் மட்டும் எடுக்கப் போனால் ஏறத்தாழ 5 கிலோ தின்ன வேணும். வயிறு கொள்ளாது, நாளும் போதாது. அதோட, மாப்பொருளைச் சமைக்காமல் தின்றால் அதில் ஒரு பங்கு செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்விடும். வயல் வேலை, கூலி வேலை செய்கிறவர்கள் முழுப் பச்சையில் இருக்க வெளிக்கிட்டால் இரண்டு மூன்று கிழமையில் ஆள் வாடிப்போவது இதனால்தான். அவர்களுக்கு எள்ளும் பனங்கட்டியும் இடித்து 50 கிராம், இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடிக் கச்சான் மேலதிகமாக வேணும். இரவில் சோறும் வேணும் என்பது என்ர அபிப்பிராயம்.

12.02.2024 | ஒட்டுசுட்டான்

பச்சையாகத் தொடவே கூடாததுகளையும் ஒரு இடத்தில் எழுதி வைப்போம். மரவள்ளிக்கிழங்கு: சயனைட்டு இருக்கு, இலையிலும் இருக்கு. உரித்து வெட்டி, திறந்த பானையில் அவித்துத் தண்ணீரை ஊற்ற வேணும். ஒடியல்மா (காய்ந்த பனங்கிழங்கு மா): ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை வடித்து, கூழில் வடிவாகக் கொதித்த பிறகுதான். காய்ந்த கிழங்குதானே, பச்சை உணவு என்று யாரோ பால் விட்டுக் குழைத்துத் தின்னச் சொல்லியிருந்ததைப் பார்த்தேன், தயவுசெய்து செய்ய வேண்டாம். சிவப்பு அவரைக்கொட்டை, போஞ்சி: லெக்ரின் என்ற நச்சுப் புரதம் இருக்கு, வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். சேம்பு: தொண்டை அரிக்கும். மரமுந்திரிகையைக் கோதோடு வீட்டில் உடைக்க வேண்டாம், கோதின் எண்ணெய் தோலைப் பொசுக்கும்.

09.03.2024 | நெடுங்கேணி

வன்னியில் இந்தச் சாப்பாட்டைத் தொடங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் இதை வாசிக்க வேணும்.

வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கு. கமக்காரர்களில் அது கூடுதல். கன காலத்துக்கு அறிகுறி காட்டாது. பச்சை உணவில் பொற்றாசியம் மிக அதிகம்: வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு 358 மில்லிகிராம், கொய்யாவில் 417, தேங்காய்ப்பூவில் 356, கச்சானில் 705. இளநீரிலும் கனக்க. நல்ல சிறுநீரகம் கூடினதை வெளியே தள்ளிவிடும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் ஏலாது. இரத்தத்தில் பொற்றாசியம் ஏறினால் இருதயத் துடிப்புக் குழம்பும், திடீரென்று நிற்கவும் கூடும். கீரையையும் மரக்கறியையும் வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து வடித்து ஊற்றச் சொல்லிச் சிறுநீரக நோயாளிகளுக்குச் சொல்வது இந்தப் பொற்றாசியத்தைக் குறைக்கத்தான். பச்சையாய்ச் சாப்பிட்டால் அந்த வழி அடைபடும்.

ஆகவே தொடங்க முன்னம் சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று அறிய இரத்தத்தில் கிரியற்றினின், சிறுநீரில் புரதம் இரண்டையும் பாருங்கோ. லொசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலக்டோன் போன்ற பிறஷர், இருதய மருந்து குடிக்கிறவர்கள் டொக்டரிடம் கேளாமல் தொடங்க வேண்டாம், இந்த மருந்துகளும் பொற்றாசியத்தை ஏற்றும். எடை குறைய என்று பிளிம்பிங்காய்ச் சாறு குடிக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கு. அதில் ஒக்சலேற்று அளவுக்கு மிஞ்சி இருக்கு, நல்ல சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். கறிக்கு ஒன்றிரண்டு போடுவது வேறு, வெறும் வயிற்றில் கோப்பையாய்க் குடிப்பது வேறு.

17.03.2024 | மல்லாவி

அம்மாவுக்குச் சீனி வருத்தம். மெற்போர்மினும் கிளிக்ளசைட்டும் குடிக்கிறா. கால் மூட்டு நோவுக்கு எடை குறைக்கச் சொல்லியிருக்கினம். இரவுச் சாப்பாட்டை மட்டும் பச்சையாக மாற்றலாமா, அக்கா?

17.03.2024 | நெடுங்கேணி

கிளிக்ளசைட் சாப்பாடு இல்லாவிட்டாலும் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். இரவில் சோற்றை நிறுத்தி வெள்ளரி மட்டும் கொடுத்துவிட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே கொடுத்தால், விடியப்புறம் வியர்த்து, நடுங்கி, தடுமாறி எழும்புவா. கிளிபென்கிளமைட்டும் இன்சுலினும் அப்படித்தான். மெற்போர்மின் தனியாக என்றால் அந்தப் பயம் குறைவு. சாப்பாட்டை மாற்ற முன்னம் கிளினிக்கில் சொல்லி அளவைக் குறைக்கச் செய்யுங்கோ. மாற்றுவதென்றாலும் இரவை விட்டு மத்தியானத்தில் தொடங்குங்கோ, பகலில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சோற்றைப் பாதியாக்கி, அந்தப் பாதி இடத்துக்குச் சம்பலும் பச்சடியும். அம்மாவின் வயதுக்கு அதுவே காணும்.

19.05.2024 | முள்ளியவளை

எடை இறங்குது. 100 கிராம் பயறு முளைகட்டத் தொடங்கின பிறகுதான் பிரச்சினை, இந்த வெயிலுக்கு ஒருநாள் நல்லாய் வருது, மறுநாள் புளிச்ச மணம்.

19.05.2024 | ஒட்டுசுட்டான்

வெயில் காலத்தில் நேரத்தைக் குறைக்க வேணும். பயறைப் பரப்பிக் கல்லும் உடைந்ததும் பொறுக்குங்கோ. உடைந்த பயறு முளைக்காது, முதலில் அழுகி மற்றதையும் கெடுப்பது அதுதான். மூன்று தண்ணீரில் கழுவி, கொதித்தாறின தண்ணீரில் ஆறு மணித்தியாலம் ஊறவிடுங்கோ, எட்டு வேண்டாம். ஊறினபின் கல்லாய்க் கிடக்கிற பயறுகளை விரலால் தட்டி எடுத்து எறியுங்கோ. வடித்து, சுடுதண்ணீரில் அவித்துக் காயவைத்த பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி, அடியில் ஒரு பாத்திரம் வைத்துத் தொங்கவிடுங்கோ. இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடு பிடிக்கும், அந்தப் புளிச்ச மணம் அங்கேயிருந்துதான் வருகுது. எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கொதித்தாறின தண்ணீரில் அலசுங்கோ. சோளகக் காற்றில் துணி சீக்கிரம் காயும், ஆகவே அடுப்படிக்குள் காற்றுப் படாத பக்கம். 18 மணித்தியாலத்தில் வால் தெரியும், அத்தோடு எடுங்கோ. வழுவழுப்போ மணமோ இருந்தால் கழுவிப் பார்க்கவே வேண்டாம், கோழிக்கும் போடாமல் புதையுங்கோ.

19.05.2024 | நெடுங்கேணி

இவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் கிருமி விதையோடே வரலாம், முளைக்கிற ஈரமும் சூடும் அதுக்கும் வாய்ப்பு. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையில் ஈ-கோலி பரவி ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. முளைப்பயறை ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துத்தான் சாப்பிட வேணும் என்பது என்ர உறுதியான நிலைப்பாடு. எடை குறைவதில் ஒரு சொட்டு வித்தியாசமும் வராது, புரதமும் இன்னும் நல்லாய்ச் செரிக்கும். கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், வயதானவர்களுக்கு ஆவி பிடிக்காத முளை கொடுக்கவே கூடாது.

30.06.2024 | பரந்தன்

மாம்பழக் காலம். பழம் என்றால் கணக்கில்லை என்ற எண்ணம் இப்போதுதான் எடையை ஏற்றும். கறுத்தக்கொழும்பான் சதை 100 கிராமுக்கு 60 கலோரி, பெரிய பழமொன்றில் 250 கிராம் சதை வரும், 150 கலோரி. மத்தியானம் சாப்பிட்ட கையோடு மூன்று பழம் 450. விடியற்காலைக் கதலி நாலையும் நிறுத்திவிட்டு ஒன்றரைப் பழம் தின்னுங்கோ, கணக்குச் சரி. சாப்பாட்டுக்கு மேலதிகமாக வேண்டாம்.

02.07.2024 | ஒட்டுசுட்டான்

பாலைப்பழமும் இப்ப சந்தைக்கு வருகுது. சின்னப் பழம், ஒவ்வொன்றாய்க் கை போகும், சுண்டு நிறைய முடிந்தபிறகுதான் தெரியும். சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுப் பையை மூடுங்கோ. பால் உதட்டில் ஒட்டினால் தேங்காயெண்ணெய் பூசித் துடைக்கலாம். பொறுக்கக் காட்டுக்குப் போகிறவர்கள் தனிய, விடிய வெள்ளன, போக வேண்டாம், கரடி பாலை மரத்தடிக்கு வருகிற காலமும் இதுதான்.

01.09.2024 | முள்ளியவளை

சொன்னபடிதான் நடக்கிறன். போன கிழமை திங்கள் 57.8, புதன் 58.9, வெள்ளி 57.9. எதை நம்புறது?

01.09.2024 | பரந்தன்

ஒன்றையும் தனியாக நம்ப வேண்டாம். பச்சை உணவுக்காரருக்குக் குடலில் நாரும் தண்ணீருமாக ஒரு கிலோ எப்பவும் ஏறி இறங்கும். ஊறுகாய், உப்பு மாங்காய் தின்ற மறுநாள் இன்னும் ஏறும். விடிய எழும்பி, கழிப்பறை போய்வந்து, தண்ணீர் குடிக்க முன்னம், ஒரே தராசில், சீமெந்து நிலத்தில் வைத்து நிறுங்கோ. கிழமையில் மூன்று தரம் நிறுத்துக் கூட்டி மூன்றால் பிரியுங்கோ. உங்கட எண்களுக்கு 58.2. அடுத்த கிழமைச் சராசரியை இதோட ஒப்பிடுங்கோ.

01.09.2024 | நெடுங்கேணி

இன்னும் மூன்று கிலோதான். இப்பவே இரண்டு விசயம் பாருங்கோ. மாட்டுத் தயிரும் முட்டையும் இல்லாமல் இவ்வளவு காலம் போனால் பி12 கட்டாயம் மாத்திரையாக எடுக்க வேணும், மரக்கறி எதிலும் நம்பக்கூடிய அளவில் அது இல்லை. கால்விரல் விறைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிறகு பல்: தேசிக்காயும் புளிப்புப் பழமும் நாள் முழுக்கப் பட்டால் எனாமல் கரையும். சாப்பிட்டதும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணித்தியாலம் கழித்துப் பல் தீட்டுங்கோ.

24.11.2024 | ஒட்டுசுட்டான்

மாரி தொடங்கியாச்சு. வாய்க்கால் கரையில் தளதளவென்று நிற்கிற வல்லாரையையும் பொன்னாங்காணியையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். மாடும் எலியும் நடமாடுகிற தண்ணீர், வெள்ளத்தில் மலசலக் குழியும் கலக்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் மண்ணும் பூச்சியும் போகும், புழுமுட்டை எல்லாம் போகாது. கிணற்றடியில் சாடியில் வளர்த்த வல்லாரை என்றால் இலை இலையாக ஓடுகிற தண்ணீரில் கழுவிப் பச்சையாய் எடுக்கலாம். மற்றதெல்லாம் வறை. கத்தரி, கறிமிளகாய் வாங்கும்போது கடைசியாய் மருந்தடித்தது எப்ப என்று தோட்டக்காரரைக் கேளுங்கோ.

24.11.2024 | முள்ளியவளை

சராசரி 55.1. குளிருக்குப் பச்சை மரக்கறி இரவில் தொண்டையால் இறங்குதில்லை. சோறு தொடங்கினால் திரும்ப ஏறுமா?

24.11.2024 | நெடுங்கேணி

அளந்தால் ஏறாது. நீங்கள் இப்ப நிறுத்த வேண்டிய எடைக்கு வந்துவிட்டீர்கள், ஆகவே நாளுக்கு 300, 400 கலோரி கூட்டத்தான் வேணும். அவித்த சோறு 100 கிராமுக்கு 130 அளவு. இரவில் 150 கிராம் சோறு, முளைப்பயறைக் கறியாகவோ சுண்டலாகவோ, ஒரு முட்டை அல்லது ஒரு துண்டு குளத்து மீன். விடிய பப்பாசியும், மத்தியானம் சம்பலும் இப்ப உள்ளபடி பச்சையாக இருக்கட்டும். முதற்கிழமை ஒரு கிலோ ஏறிக் காட்டும், அது சோற்றோடும் உப்போடும் உடம்பில் தங்குகிற தண்ணீர், அதுக்காகச் சோற்றை நிறுத்த வேண்டாம். மூன்று கிழமைச் சராசரி 56.5ஐத் தாண்டினால் கதலியை நாலில் இருந்து இரண்டாக்குங்கோ. பயறில் கை வைக்க வேண்டாம்.